அணுவை நிறுக்க ஒரு நகைக்கடைத் தராசு

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் அணு என்றால் என்ன என்று கேளுங்கள். பேனாவை எடுத்து ஒரு வட்டம் போடும். நடுவில் நாலைந்து புள்ளி, சுற்றி மூன்று வளையம், வளையத்தில் எறும்பு மாதிரி எலக்ட்ரான்கள். "இப்படித்தான் இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி போட்டால் பிள்ளை முழிக்கும். புத்தகத்தில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் கிடையாது.

குற்றம் பிள்ளையுடையதல்ல. டால்டன் தன் நோட்டில் அணுநிறைகளை எழுதிப் பார்த்தது 1803இல். ழான் பெர்ரன் செய்த அளவீடுகளைப் பார்த்து, அதுவரை அணுவை ஏற்க மறுத்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் என்ற பெரிய வேதியியலாளர் மனம் மாறியது 1908-09 வாக்கில். இடையில் நூறு வருடம். அந்த நூறு வருடமும் விவரம் தெரிந்தவர்களே "அணு என்பது கணக்குப் போட வசதியான கற்பனையா, உண்மையிலேயே இருக்கிற பொருளா?" என்று சண்டை போட்டார்கள். நம் பாடம் அந்தச் சண்டையை அரைப் பக்கத்தில் தாண்டிவிட்டு நேராக வளையத்துக்குப் போய்விடுகிறது.

சண்டை முடிந்தது எப்படி என்பது செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சிட்டை ஒருவர் எழுதுவார், பேரேடு இன்னொருவர் எழுதுவார். இரண்டும் தனித்தனியே கூட்டி ஒரே தொகை வந்தால் கணக்கு சரி. அணு விஷயத்திலும் நடந்தது அதுதான். எண்ணெய்ப் படலம், மின்சாரம், தண்ணீரில் துடிக்கும் தூசி, கதிரியக்கம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வழிகளில் போட்ட கணக்குகள் ஒரே இடத்தில் வந்து நின்றன. பிள்ளைகளும் இரண்டு மூன்று கணக்கையாவது தாங்களே போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் வளையம் வரையலாம். கீழே உள்ளவை எல்லாம் காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளில் கிடைக்கும் பொருளை வைத்துச் செய்யக்கூடியவை.

காளவாய் கொடுத்த கடன்

முதல் பாடத்துக்குச் சுவரைக் காட்டினால் போதும். இங்குள்ள பழைய வீடுகளில் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு இன்னும் கண்ணாடி போலப் பளபளக்கிறது. 100 கிராம் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றோடு போய்விடும். நீற்றும்போது 18 கிராம் தண்ணீரைக் குடித்து 74 ஆகும். சுவரில் பூசிய பிறகு அந்த 18 கிராம் தண்ணீரை விட்டுவிட்டு, காளவாயில் போன 44 கிராமைக் காற்றிடமிருந்து மெல்ல மெல்ல வசூலித்துக்கொண்டு மறுபடி 100 கிராம் கல்லாகிவிடும். பற்றும் வரவும் பைசா பிசகாது. பொருண்மை அழியா விதியை நிலைநாட்டிய லவாய்சியே பாரிஸில் வரிவசூல் குத்தகைக் கம்பெனியில் பங்குதாரர். வேதியியலுக்குள் ஐந்தொகையைக் கொண்டு வந்தவர் என்றே அவரைச் சொல்லலாம். 1794இல் அவர் தலை போனதும் அந்த வரிவசூலால்தான்.

சுண்ணாம்புக்கல்லைச் சுட 900 டிகிரி வேண்டும், வகுப்பில் முடியாது. அதே பாடத்தை ஆப்ப சோடா வைத்து நடத்தலாம். ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரத்தையும் கிளறப்போகும் கரண்டியையும் சேர்த்து நிறுத்துக்கொள்ளுங்கள். 10.0 கிராம் ஆப்ப சோடா போட்டு, சிறு தீயில் 20 நிமிடம் கிளறுங்கள். தூள் தண்ணீர் கொதிப்பது போலக் குமிழ் விட்டுப் புரளும், வாயு வெளியேறுவதன் அடையாளம் அது. குமிழ் நின்றதும் ஆறவைத்து, கரண்டியோடு சேர்த்து நிறுங்கள். மறுபடி 5 நிமிடம் சூடாக்கி நிறுங்கள். இரண்டு நிறையும் ஒன்றாக வரும்வரை இதைத் தொடர வேண்டும். கடைசியில் மிஞ்சுவது 6.3 கிராம். 5 கிராமில் தொடங்கிய குழுவுக்கு 3.15, 20 கிராமில் தொடங்கிய குழுவுக்கு 12.6. வரைபடத் தாளில் குறித்தால் எல்லாப் புள்ளியும் மூலப்புள்ளி வழியே போகும் ஒரே நேர்கோட்டில் உட்காரும்.

உட்காராவிட்டால் காரணம் நாலுக்குள் ஒன்று. 7, 8 கிராம் என்று அதிகமாக வந்தால் சூடு போதவில்லை. 6.3க்குக் கீழே போனால் கிளறும்போது தூள் சிந்தியிருக்கிறது, அல்லது பாத்திரத்தைச் சூடாகவே தராசில் வைத்துவிட்டார்கள். சூடான பாத்திரத்தைச் சுற்றிக் காற்று மேலெழும்பி நிறையைக் குறைத்துக் காட்டும். தூள் பழுப்பாகிக் கருகினால் வாங்கி வந்தது சோடா இல்லை, பேக்கிங் பவுடர். அதில் மாவு கலந்திருக்கும். நாலாவது, மழைநாள்: ஆறிய தூள் காற்றின் ஈரத்தை இழுக்கும், ஆறியவுடன் நிறுத்துவிட வேண்டும்.

எவ்வளவு எடுத்தாலும் விகிதம் மாறவில்லை என்பது ஆச்சரியம்தான், ஆனால் அணுவுக்கு அது சாட்சியாகிவிடாது. டால்டன் பார்த்தது அடுத்த படியை. ஆத்தங்குடி தரைக்கல்லில் சிவப்பு கொடுப்பது இரும்பு ஆக்சைடு. சிமெண்டுக் கல்லுக்குப் போடும் கருப்பு ஆக்சைடும் இரும்புதான். 56 கிராம் இரும்போடு சிவப்பில் 24 கிராம் ஆக்சிஜன் சேர்ந்திருக்கும், கருப்பில் 21.33 கிராம். இரண்டையும் வகுத்தால் 9:8. ஏன் இப்படிச் சின்ன முழு எண்ணாக வந்து விழுகிறது? துண்டு துண்டாக எண்ணிச் சேர்த்தால்தான் அப்படி வரும். தண்ணீர் ஊற்றுவது போலத் தொடர்ச்சியாகச் சேர்ந்தால் எந்த எண்ணும் வரலாமே.

டால்டனின் தவறையும் மறைக்காமல் சொல்லித்தர வேண்டும். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று அவர் வைத்துக்கொண்டார். அதனால் ஆக்சிஜனின் அணுநிறை அவருக்கு 7 என்று வந்தது, இன்று 16. அவகாட்ரோ 1811இலேயே வழி சொன்னார், கேட்க ஆளில்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது கன்னிசாரோ அதை விளக்கிச் சொன்ன பிறகுதான் குழப்பம் தெளியத் தொடங்கியது. ஐம்பது வருடம் ஒரு துறை முழுக்கத் தண்ணீரின் வாய்பாட்டில் தடுமாறியது என்று தெரிந்தால், வாய்பாட்டைத் தப்பாக எழுதிய பிள்ளைக்கும் கொஞ்சம் தெம்பு வரும்.

ஊருணியில் ஒரு கரண்டி எண்ணெய்

அணு எவ்வளவு பெரிது? இந்தக் கேள்விக்கு நுண்ணோக்கி தேவையில்லை என்று தெரிந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

லண்டன் கிளாப்பம் குளத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது ஏறக்குறைய அரை ஏக்கருக்குப் பரவி, காற்றில் அலையடித்த நீரைக் கண்ணாடியாக்கியது. 1774இல் இதை எழுதி வெளியிட்டார். அவர் போடாமல் விட்ட வகுத்தலைப் பிள்ளைகள் போடட்டும். தேக்கரண்டி 5 மில்லி, அரை ஏக்கர் 2,023 சதுர மீட்டர். வகுத்தால் தடிமன் 2.5 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாலு லட்சத்தில் ஒரு பங்கு. 1890இல் ராலே பிரபு ஆலிவ் எண்ணெயை அளந்து பார்த்து 1.6 நானோமீட்டர் என்று கண்டார். அடுத்த வருடமே ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண், கல்லூரி வாசலை மிதிக்காதவர், வீட்டிலேயே ஒரு தகரத் தொட்டியை வைத்துச் செய்த அளவீடுகளை ராலேவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். நம் ஊருணிகள் பிராங்க்ளின் குளத்துக்குக் குறைந்தவை இல்லை. ஆனால் பல ஊர்களில் அது குடிதண்ணீர், எண்ணெய் ஊற்றும் வேலை வேண்டாம். தட்டில் செய்வோம்.

எண்ணெய்க்குப் பதில் ஒலியிக் அமிலம் எடுத்துக்கொள்வோம், எண்ணெய்களில் இருக்கும் கொழுப்பு அமிலம் அது. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். 1 மில்லி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி 100 மில்லியாக்குங்கள். நன்றாகக் கலக்கி அதிலிருந்து 5 மில்லி எடுத்து, மறுபடி ஆல்கஹால் ஊற்றி 100 மில்லியாக்குங்கள். இப்போது 2,000 பங்கில் ஒரு பங்குதான் அமிலம். சொட்டுக்குழாயில் 1 மில்லிக்கு எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு 20 வரும் குழாயில் ஆல்கஹாலுக்கு 40 வரலாம், ஆல்கஹால் சொட்டு சின்னது. புத்தகத்தில் உள்ள 20ஐ அப்படியே போட்டுக்கொள்வதுதான் இந்தச் சோதனையில் அதிகம் நடக்கும் தவறு, விடை இரண்டு மடங்காகிவிடும்.

40 செ.மீ. அகலமுள்ள தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி அசையாமல் விடுங்கள். முகப்பவுடரை மெல்லிய துணியில் கட்டி மேலே தட்டுங்கள். பவுடர் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். முதலில் வெறும் ஆல்கஹால் ஒரு சொட்டு விடுங்கள். பவுடர் விலகித் திரும்ப மூடிக்கொள்ளும். ஆல்கஹால் கரைந்து போகிறது, வட்டம் அதனால் வரவில்லை என்று பிள்ளைகளுக்கு இங்கே தெரிந்துவிடும். அப்புறம் கரைசலில் ஒரு சொட்டு. பவுடர் சட்டென்று ஒதுங்கி ஒரு வட்டம் நிற்கும். மூன்று பக்கம் விட்டத்தை அளந்து சராசரி எடுங்கள்.

விட்டம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஒரு சொட்டில் உள்ள அமிலம் 1/40ஐ 2,000ஆல் வகுத்தது, 0.0000125 கன செ.மீ. தடிமன் 1.6 நானோமீட்டர். படலம் ஒரே ஒரு மூலக்கூறு தடிமன்தான், அந்த மூலக்கூறில் 18 கார்பன் அணு வரிசையாக நிற்கிறது. பதினெட்டால் வகுத்தால் அணு ஒன்றுக்கு 0.1 நானோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உண்மையில் மூலக்கூறுகள் சாய்ந்தும் நிற்கும், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அணுவின் அளவு எந்தச் சுழியில் (பத்தின் எந்த மடங்கில்) இருக்கிறது என்பது கைக்கு வந்துவிட்டது, அது போதும்.

வட்டமே வரவில்லை என்றால் தட்டில் சோப்பு இருக்கிறது. துலக்கிய எவர்சில்வர் தாம்பாளம் கண்ணுக்குச் சுத்தம், இந்தச் சோதனைக்கு அழுக்கு. வாஷிங் சோடாவும் வெந்நீரும் போட்டுக் கழுவி, ஐந்தாறு தடவை அலச வேண்டும். உள்பக்கத்தை விரலால் தொடக்கூடாது. சானிடைசரை ஆல்கஹாலுக்குப் பதில் ஊற்றாதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும். வட்டம் கோணலாக நீண்டால் மின்விசிறியை நிறுத்துங்கள். அமிலம் கிடைக்காத இடத்தில் விளக்கெண்ணெயைப் பயன்படுத்தலாம், அது ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதன் மூலக்கூறுக்கு நடுவிலும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கை உண்டு, எனவே நிமிர்ந்து நிற்காமல் படுத்துக்கொள்ளும். தடிமன் குறைவாகத்தான் வரும்.

மயில்துத்தமும் யந்திரத் தகடும்

அளவு தெரிந்தது. எடை? இதற்குக் காரைக்குடியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இங்கே இருக்கிறது. அந்தத் துறைக்கு அடிக்கல் மைக்கேல் ஃபாரடே 1833-34இல் கண்ட இரண்டு விதிகள். ஒரே அளவு மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜன் 1 கிராம் வெளிவரும் நேரத்தில் வெள்ளி 108 கிராமும் தாமிரம் 31.8 கிராமும் படியும். மறுபடியும் அதே சங்கதிதான்: மின்சாரமும் துண்டு துண்டாகத்தான் பங்கிடப்படுகிறது.

பூசைச் சாமான் கடையில் யந்திரம் எழுதும் செப்புத் தகடு கிடைக்கும். 5 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்தில் இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும்போது உள்ளே மஞ்சளாகத் தெரிந்தால் அது பித்தளை, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை 500 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, நீர்த்த கந்தக அமிலம் சில மில்லி சேருங்கள் (அமிலம் ஆசிரியர் கையால் மட்டும்). உரக்கடை மயில்துத்தத்தில் இரும்பு கலந்திருந்தால் கரைசல் நல்ல நீலமாக இல்லாமல் பச்சை தட்டும். இரும்பு அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) மின்சாரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், தாமிரம் குறைவாகப் படியும்.

தகடுகளை 5 செ.மீ. ஆழத்துக்கு, 4 செ.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். மின்சாரத்துக்கு 5 வோல்ட் கைப்பேசி சார்ஜர் போதும், ஆனால் நேரடியாகக் கொடுக்கக்கூடாது. 10 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றையும் மல்டிமீட்டரையும் தொடராக வையுங்கள். அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். 30 நிமிடம், நிமிடத்துக்கு ஒரு தடவை அளவைக் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். கணக்குக்காக 0.5 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம்: 0.5 × 1,800 விநாடி = 900 கூலும் (மின்னூட்டத்தின் அலகு).

நிறுக்க வேண்டியது எதிர்மின்வாய்த் தகட்டை, அதாவது சார்ஜரின் கழித்தல் முனையோடு இணைத்ததை. தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை. நேர்மின்வாயை நிறுத்தால் கணக்கு பிசகும். அங்கிருந்து கரையாத துகளும் உதிரும், எனவே எதிரில் படிந்ததை விட அதிகம் இழந்ததாகக் காட்டும். எடுத்த தகட்டைத் தேய்க்காமல் தண்ணீரில் முக்கி, ஆல்கஹாலில் முக்கி, நிழலில் உலர்த்துங்கள். அடுப்பில் காட்டினால் தாமிரம் கறுத்து எடை கூடும். படிவு ரோஜா நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நல்லது. கருஞ்சிவப்புப் பொடியாக உதிர்ந்தால் மின்னோட்டம் அதிகம். நனைந்த பரப்பில் சதுர செ.மீ.க்கு 10 மில்லி ஆம்பியர் நல்ல அளவு, மேற்சொன்ன தகடு இரண்டு பக்கமும் சேர்த்து 50 சதுர செ.மீ. என்பதால் அந்தக் கணக்குக்குச் சரியாக வரும்.

படிந்திருக்க வேண்டியது 0.296 கிராம். சந்தையில் கிடைக்கும் கையடக்கத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். இரண்டு நிறுவையிலும் ஒரு புள்ளி தவறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு போய்விடும். நகைக்கடைத் தராசு மில்லிகிராம் வரை சொல்லும். தகட்டைக் காகித உறையில் போட்டு எடுத்துப் போய் நிறுத்து வாங்குவது நல்லது.

இனி வகுத்தல்தான். எலக்ட்ரான் ஒன்றின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலும். 900 கூலும் என்றால் 5.62 × 10²¹ எலக்ட்ரான். தாமிர அயனி ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான், ஆக 2.81 × 10²¹ அணு. 0.296 கிராமை அதனால் வகுத்தால் ஓர் அணு 1.05 × 10⁻²² கிராம். கடைத்தெருவில் நிறுத்தது ஒரு தாமிர அணுவின் எடை.

"அந்த 1.602 எங்கிருந்து வந்தது?" என்று ஒரு பிள்ளை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். 1909 முதல் 1913 வரை ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு அளந்தார். அவருடைய எண் இன்றைய அலகில் 1.592. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு கொஞ்சம் தப்பு. அடுத்து வந்தவர்கள் சிறிது சிறிதாகத்தான் அதைத் திருத்தினார்கள். 2019 முதல் அந்த எண் அளக்கப்படுவதில்லை, வரையறையாகவே நிறுத்தப்பட்டுவிட்டது.

இப்போது சிட்டையையும் பேரேட்டையும் ஒப்பிடலாம். தாமிரத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.96 கிராம். அணுவின் எடையை அதனால் வகுத்து, கனமூலம் எடுத்தால் 0.23 நானோமீட்டர். சந்தையில் ஆரஞ்சு அடுக்குவது போல நெருக்கி அடுக்கியதாகக் கணக்கிட்டால் 0.255. எண்ணெய்த் தட்டில் ஒரு வழி, மயில்துத்தத்தில் இன்னொரு வழி. எண்ணெயில் தெரிந்தது கார்பன், இது தாமிரம், பெரிய அணு. இரண்டும் ஒரே சுழியில் நிற்கின்றன. பெர்ரன் செய்ததும் இதுதான். அவர் பத்துக்கும் மேற்பட்ட வழிகளை இப்படி ஒப்பிட்டுக் காட்டினார்.

மிஞ்சிய கரைசலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், மீன் செத்துப்போகும். பழைய இரும்பு ஆணிகளைப் போட்டு, நீலம் போகும்வரை விட்டுவிடுங்கள். தாமிரம் ஆணியில் ஒட்டிவிடும்.

தமிழில் ஒரு கண்ணி உண்டு. எதிர்மின்னி, எதிர்மின்வாய், எதிர்மின் அயனி மூன்றையும் பிள்ளைகள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். மேலே சொன்ன சோதனையில் எதிர்மின்வாய்க்குப் போவது நேர்மின் அயனி. தகட்டில் 'கழித்தல்' என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள், பேச்சில் எலக்ட்ரான் என்றே சொல்லுங்கள். தேர்வுத் தாளில் எதிர்மின்னி என்று எழுதினால் போதும்.

பெர்ரன் பேச்சு வந்துவிட்டதால் துடிக்கும் தூசியையும் சொல்லிவிடலாம். ராபர்ட் பிரவுன் 1827இல் பார்த்தது துடிக்கும் மகரந்தத்தை அல்ல, மகரந்தத்துக்குள்ளிருந்து வந்த நுண்துகளை. மகரந்தம் கண்ணில் படும்படி துடிக்க முடியாத அளவுக்குப் பெரியது. பாலில் ஒரு சொட்டு எடுத்து 50 சொட்டு தண்ணீரில் கலந்து, 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் கொழுப்புத் துகள்கள் தெரியும். சின்னவை துடிக்கும், பெரியவை சும்மா கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மூலக்கூறுகள் இடிப்பதால் வரும் துடிப்பு அது. எல்லாம் ஒரே பக்கம் ஓடினால் அது வெறும் நீரோட்டம். மூடுகண்ணாடியின் ஓரத்தை நகச்சாயத்தால் அடைத்துவிடுங்கள்.

கோலியை அளவுகோல் இல்லாமல் அளப்பது

மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்பா துகள்களை எறிந்து பார்த்த ரூதர்ஃபோர்டின் சோதனையை எல்லாப் புத்தகமும் சொல்கிறது, எண்ணைச் சொல்வதில்லை. மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்பைடு திரையில் விழும் மின்னல் பொட்டுகளை நுண்ணோக்கி வழியே கண்ணால் எண்ணினார்கள். 0.00004 செ.மீ. தடிமனான தங்கத்தில் ஏறக்குறைய 20,000 துகளில் ஒன்று செங்கோண அளவுக்குத் திரும்பியது என்று ரூதர்ஃபோர்டு 1911இல் எழுதினார். பல இடங்களில் காணப்படும் "8,000இல் ஒன்று" என்பது 1909இல் பிளாட்டினத்துக்கு வந்த எண். கண்ணால் பார்க்காத ஒன்றின் அளவை, பட்ட அடியை எண்ணியே சொல்ல முடியும் என்பதுதான் சோதனையின் உயிர். அதைக் கோலியில் செய்து காட்டலாம்.

சமதளமான தரையில் 60 செ.மீ. அகலத்துக்கு இரண்டு பக்கமும் பலகை நிறுத்துங்கள். நடுவில் 6 கோலிகளை, ஒன்றன் நிழலில் இன்னொன்று விழாதபடி மெழுகால் ஒட்டிவையுங்கள். முன்னால் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு மறையுங்கள், அடியில் கோலி போகும் சந்து இருக்கட்டும். 1 முதல் 59 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, எந்த எண் வருகிறதோ அந்த செ.மீ. கோட்டிலிருந்து நேராக உருட்ட வேண்டும். சீட்டு இல்லாமல் விட்டால் பிள்ளைகள் குறி பார்ப்பார்கள், கோலி விளையாடிய கை சும்மா இருக்காது. 200 தடவை உருட்டுங்கள். ஓர் உருட்டில் இரண்டு கோலியில் பட்டாலும் ஒன்று என்றே கணக்கு.

உருளும் கோலியின் மையம், நிற்கும் கோலியின் மையத்திலிருந்து ஒரு விட்டத்துக்குள் வந்தால் படும். ஆகவே ஒவ்வொரு கோலியும் மறிப்பது இரண்டு விட்டம். பட்ட எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி, 2 × 200 × 6ஆல் வகுத்தால் விட்டம். 64 தடவை பட்டால் 1.6 செ.மீ. இருநூறு உருட்டில் 10 விழுக்காடு பிசகு இயல்பு. அதைக் குறைக்க நாலு மடங்கு உருட்டினால் பாதியாகும்.

அதே கணக்கை உடனே தங்கத்துக்குப் போடுங்கள். அந்தத் தகட்டில் சுமார் 1,500 அணு அடுக்கு. 20,000இல் ஒன்று என்றால், ஓர் அடுக்குக்கு மூன்று கோடியில் ஒன்று. கோலி விளையாட்டில் நாம் அளந்தது அகலம், இங்கே அளப்பது பரப்பு. வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 5,500. அணுவின் நடுவில் திருப்பியடிக்கும் ஏதோ ஒன்று, அகலத்தில் அணுவின் ஐயாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. நேருக்கு நேர் மோதாமல் விலக்கியதும் இந்த எண்ணிக்கையில் சேரும், எனவே உண்மையான கரு இன்னும் சின்னது. இன்றைய அளவுப்படி தங்கத்தில் அந்த விகிதம் 20,000.

இதை வீட்டில் வைத்துப் பார்க்கலாம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நாற்பது மீட்டர் ஓடி, ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையும் கொண்ட வீடுகள் இங்கே நிறைய. வளவின் (உள்முற்றத்தின்) நடுவில் 2 மில்லிமீட்டர் கடுகு ஒன்றை வைத்தால் அது கரு, வீடு முழுக்க அணு. எடையெல்லாம் கடுகில். கடுகு முழுதும் கருப்பொருளாலேயே ஆகியிருந்தால் அதன் எடை பத்து லட்சம் டன்னை ஒட்டி வரும்.

கடுகு என்றதும் குறளைப் புகழ்ந்த வரி நினைவுக்கு வரும். இடைக்காடர் கடுகைத் துளைத்தார், ஔவை அணுவைத் துளைத்தார். மணிமேகலையில் ஆசீவகரும் ஐந்து வகை அணு பேசுகிறார். இவற்றைக் காட்டி "நம்மவர்கள் அப்போதே அணுவைப் பிளந்தார்கள்" என்று வகுப்பில் சொல்வது அந்தப் பாட்டுக்கும் நல்லதில்லை, பாடத்துக்கும் நல்லதில்லை. மிக நுண்ணிய ஒன்று உண்டு என்ற சிந்தனை இங்கும் கிரேக்கத்திலும் பழையது. யாரும் அதை நிறுக்கவில்லை. அந்த வித்தியாசத்தைத்தான் மயில்துத்தத்தில் பார்த்தோம்.

தேய்த்த புளியங்கொட்டை

கதிரியக்கத்தின் வரலாறு வேகமானது: 1896 பெக்கரல், 1898 கியூரி தம்பதியின் பொலோனியமும் ரேடியமும், 1902இல் ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்று ரூதர்ஃபோர்டும் சாடியும் சொன்னது, 1932 சாட்விக்கின் நியூட்ரான், 1938 டிசம்பரில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் கண்ட யுரேனியப் பிளவு, சில வாரங்களில் லிசா மைட்னரும் ஃபிரிஷ்ஷும் தந்த விளக்கம். பிள்ளைகள் இடறுவது ஆண்டுகளில் இல்லை, அரைவாழ்வுக் காலத்தில், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரத்தில்.

தாயத்துக்கு உருட்டுவது போல ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த புளியங்கொட்டை 200 வேண்டும். எல்லாவற்றையும் முறத்தில் குலுக்கிக் கொட்டி, வெள்ளை மேலே விழுந்தவற்றை எடுத்துவிடுங்கள், அவை சிதைந்த அணுக்கள். மிச்சத்தை எண்ணிக் குறித்து, மறுபடி குலுக்குங்கள். நாணயத்தை விடக் கொட்டை சிறந்தது, அது பாதிப்பாதியாக விழாது. தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு, ஆகவே ஒவ்வொரு வீட்டுக் கொட்டைக்கும் அதற்கே உரிய விகிதம். குலுக்கலுக்கு 40 விழுக்காடு போகும் கொட்டைக்கு அரைவாழ்வு 1.36 குலுக்கல். ஒரு குழு தேய்த்த கொட்டையை இன்னொரு குழுவோடு கலக்காதீர்கள், இரண்டு தனிமத்தைக் கலந்த மாதிரி வளைகோடு உடைந்து தெரியும். அதை வேண்டுமென்றே பிறகு ஒரு நாள் செய்து காட்டலாம்.

நூறு கொட்டை இருக்கும்வரை வளைகோடு வழவழப்பாக இறங்கும். பத்துக்குக் கீழே வந்ததும் தாறுமாறாகும், பிள்ளைகள் தாங்கள் தப்புச் செய்துவிட்டதாக நினைப்பார்கள். தப்பில்லை. எண்ணிக்கை குறைந்தால் விதி தளரும். உண்மையான கதிரியக்கப் பொருளில் ஒரு துகளில்கூடக் கோடானுகோடி அணு இருப்பதால்தான் அந்தத் தளர்ச்சி தெரிவதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. எட்டுக் குலுக்கல் தப்பிய கொட்டை, ஒன்பதாவதில் விழ அதிக வாய்ப்பு உண்டா? வகுப்பில் பெரும்பாலோர் "உண்டு" என்பார்கள். எட்டுத் தப்பியவற்றுக்குச் சாயம் தடவி, புதிய கொட்டைகளோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள்.